தண்ணீர்க் கணக்கு

மூன்றாவது நாளும் மூடுபனி விலகவில்லை.
தகரக் கொட்டகையில் நானும் பரஸ்கோவியாவும்,
பதினொரு பாட்டரி, ஒரு நிலநடுக்கமானி,
கேனில் நாலு லிட்டர் தண்ணீர், ஒரே ஓர் ஆரஞ்சு.
அலூஷியன் வரிசையில் ஆள் இல்லாத தீவு.
ஓடை உண்டு; வாயில் வைத்தால் கந்தகம்.
வெளியே மலை
தன் கெட்டிலை யாருக்கும் ஊற்றாமல்
கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது.

படகு அவளுடையது, பாட்டரி அரசாங்கத்துடையது.
தண்ணீரை அளப்பது அவள் பொறுப்பு என்று
முதல் நாளே தீர்ப்பாகிவிட்டது:
காலையில் இரண்டு மூடி, மாலையில் இரண்டு மூடி,
ஒரே தேயிலையை மூன்று முறை வேகவைக்கலாம்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை.
"தீவெல்லாம் ஏன் வில்லாக நிற்கிறது?
நேராக நின்றிருந்தால்
எனக்கு டீசல் மிச்சம்" என்றாள்.

ஆரஞ்சை எடுத்துக்
கட்டைவிரலால் அழுத்தினேன்.
தோல் உள்வாங்கிய இடத்தில்
விளிம்பு பிறைபோல் வளைந்தது.
உருண்டையின் ஓட்டை மடித்தால்
நேர்கோடு விழாது, பார்.
"பழத்தைக் கெடுக்காதே, டெல்மர்."

தெற்கே, எந்த நங்கூரமும் எட்டாத அகழியில்
பசிபிக்கின் தரை குனிந்து உள்ளே போகிறது,
ஆண்டுக்கு ஒரு சுண்டுவிரல்.
பிறந்தபோது கொதித்த கல் அது.
ஐந்து கோடி ஆண்டு
விரிசல் விரிசலாகக் கடலைக் குடித்து
ஆறி, கனத்து,
கண்ணுக்குத் தெரியாத சிப்பிகளின் சேற்றை முதுகில் ஏற்றி,
யாரோ ஒரு திமிங்கிலத்தின் காதெலும்போடு
இறங்குகிறது.
குடித்த நீர் இப்போது நீராக இல்லை.
கல்லின் எலும்புக்குள் கட்டுண்டு கிடக்கிறது.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
கடலைக் குடித்தவன்?
நூறு கிலோமீட்டர் ஆழத்தில்
அழுத்தமும் வெப்பமும் பிழியப் பிழிய
வியர்க்கிறான்.
அந்த வியர்வை மேலே கசிகிறது.
மேலே காத்திருப்பது
கனலும் பாறை; கனன்றாலும் திடமானது;
உருகுவதற்கு இன்னும் கொஞ்சம் சூடு போதாமல்
யுகயுகமாய்த் தயங்கி நின்றது.
சூடு கூடவில்லை.
ஈரம்தான் வந்தது.
ஈரம் பட்டதும்
பாறையின் பிடிவாதம் இறங்கிவிட்டது.

நானும் கல்லூரி போகும்வரை நம்பியிருந்தேன்,
இரண்டு பலகை உரசினால் தீப்பற்றும் கதை என்று.
இல்லை. குளிர்ந்த ஒன்று மூழ்குகிறது,
தண்ணீர் பற்றவைக்கிறது.
உருகியது இலேசாகி மேலே ஏறுகிறது,
அகழியிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில்,
ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுப்புகள்.

பரஸ்கோவியா கேனின் மூடியைத்
திருகிக்கொண்டே இருந்தாள்.
"நானும் அவனும் ஒன்பது வருஷம்
உரசிக்கொண்டுதான் இருந்தோம்.
ஒன்றும் எரியவில்லை.
ஒருநாள் அவன் அழுதான்.
அன்றைக்குத்தான் வீடு போயிற்று."
மேலே கேட்கவில்லை. மூடியை இறுக்கி வைத்தாள்.

இரவு நிலநடுக்கமானியின் கோடு நடுங்கியது;
சிறிது, தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல.
பிறகு தகரத்தின்மேல்
அரிசி களைவதுபோல் ஒரு சத்தம்.

காலையில் படகின் தார்ப்பாயில் சாம்பல்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.
"உப்பு. கொஞ்சம் புளிப்பு.
நம்ம கடலா இது?"
எந்தக் கடல் என்று என்னால் சொல்ல முடியாது,
நமக்கு முன்னால் இருந்த ஏதோ ஒரு கடல், கொஞ்சம்போல.

துப்பினாள். தார்ப்பாயை உதறினாள்.
வடக்கே ஒரு கிழிசல் வெளிச்சம்;
இன்னும் புறப்பட முடியாது.
உள்ளே வந்து கத்தியை எடுத்து
ஆரஞ்சைப் பிளந்தாள்.
நசுங்கிய பாதி எனக்கு.